பச்சிளங் குழந்தைக்குக் காவல் யார்?

சேர்வராயன் மலையில் காப்பி பறிக்கும் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. ஏற்காட்டில் ஆகாத சிக்கலான பிரசவம் என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். புருஷன் கூட நின்றால் அன்றாடக் கூலி போகும். மாமியார் வந்துவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச ஆளில்லை. ஆகவே, பெற்ற களைப்போடு அவள் தனியே கிடக்கிறாள். "ஊசி போடணும், குழந்தையைக் கொடும்மா" என்று யார் வந்து கேட்டாலும் நம்பிக் கொடுத்துவிடுகிறாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ராசிபுரத்தை நினைத்துப் பாருங்கள்! 1997 வரை சேலம் ஜில்லாவில் இருந்த ஊர்தான் அது. 2019 ஏப்ரலில், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண் டெலிபோனில் குழந்தைக்கு விலை பேசிய பேச்சு ஊரெங்கும் பரவியது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கும் ஒரு விலை! எல்லாம் லட்சக் கணக்கில். கைதானவர்களில் கொல்லிமலை ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரும் இருந்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்குப் போயிற்று.

மலைவாழ் ஏழைகளின் வறுமைதான் இந்த வியாபாரத்தின் முதல். ஆஸ்பத்திரி வழி தெரிந்தவர்கள்தான் அதன் தரகர்கள். "பெற்றவளே விற்றாளே!" என்று தாயை ஏசுவோர், அவளை அந்த நிலைக்குத் தள்ளிய பட்டினியை ஏன் ஏசுவதில்லை?

2025 ஏப்ரலில், உத்தரப் பிரதேசக் குழந்தைக் கடத்தல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொன்னது: பிறந்த குழந்தை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடத்தப்பட்டால் முதலில் அதன் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும். பெற்றோர் மிக விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் கோர்ட் சொன்னது. லைசென்ஸ் பற்றிய உத்தரவை நாம் வரவேற்கிறோம். ஆனால் வயிற்றில் தையலோடு கிடப்பவள் எத்தனை இரவு விழித்திருப்பாள்?

அதனால் நம் வீட்டார் சில காரியங்களைக் கட்டாயம் செய்ய வேண்டும். பிரசவ அறையை விட்டு வருமுன் தாய் கையிலும் குழந்தை கையிலும் ஒரே அடையாளப் பட்டை கட்டச் சொல்லுங்கள். பி.சி.ஜி. ஊசிக்கோ போலியோ சொட்டு மருந்துக்கோ எடுத்துப் போனால், நம்மவர் ஒருவர் கூடவே போய்க் கூடவே திரும்ப வேண்டும். குழந்தையைக் கேட்பவர் பெயர் என்ன, எந்த வார்டு என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. குழந்தையைக் காணோம் என்றால் வெட்கப்படாமல் கூச்சல் போட்டு வாசல் கதவை அடைக்கச் செய்யுங்கள்; 112-க்குப் போன் செய்யுங்கள்.

குழந்தை முகம் காட்டக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2011-ல் வந்த திட்டப்படி சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், மருந்து, சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். வளர்க்கவே வழியில்லை என்று மனமுடைந்த தாய் தரகனிடம் போக வேண்டாம். 1098-க்குச் சொன்னால் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. அங்கே ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பக் கேட்க 2 மாத அவகாசம் உண்டு.

இத்தனையும் நாம் செய்வோம். சர்க்கார் செய்ய வேண்டியதைச் செய்யட்டும்! ஒரு நர்ஸ் தலையில் வார்டு முழுவதையும் சுமத்தினால் எந்தத் தொட்டிலை அவர் பார்ப்பார்? காண்டிராக்டில் உழலும் ஆயாவும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். அவரைத் திட்டிப் பயனில்லை. எல்லா ஷிப்டிலும் போதிய நர்சுகளைப் போடு! பிரசவ வார்டு வாசலில் இரவும் பகலும் காவல் வை! தாயோடு துணைக்கு நிற்பவருக்கு அந்த நாட்களின் கூலியைக் கொடு!

2017-ல் பிரசவ விடுப்பு 26 வாரமாயிற்று. ஆனால் தோட்டத்து ரிஜிஸ்தரில் பெயரே ஏறாத தினக்கூலிப் பெண்ணுக்கு அதில் ஒரு நாளாவது கிடைத்ததா? துணைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் திருடன் கிட்டே வரமாட்டான். அந்த ஒருவரை உட்கார விடாமல் துரத்துவது கூலி வெட்டுதான். மில்லிலும் வயலிலும் தோட்டத்திலும் சங்கங்கள் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கட்டும்!