உயிர்க்கல்லும் உலர்கல்லும்



முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு தங்கை கடிதம் எழுதியிருக்கின்றார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். கருவாடு போட்டு விற்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கின்றார். வெளியிடத்து வியாபாரி ஒருவர், கடலடிப் பாரிலிருந்து "உயிர்க்கல்" எடுத்துத் தந்தால் கிலோக் கணக்கில் காசு தருவதாகச் சொன்னாராம். சுழியோடப் பழகிய மூத்த மகன் ஆயத்தமாக நிற்கின்றான். "அக்கா, கல்லுக்கு என்னெண்டு உயிர் இருக்கும்? இது பிழையான வேலையோ?" என்று கேட்கின்றார்.

முதலில் கல்லைப் பற்றிப் பார்ப்போம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் முருகைகளும் கடல்மீன்களும் வளர்ப்பவர்கள்தான் இதைத் தேடுகின்றார்கள். நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருக்கும் முருகைக்கல்லை அறிந்திருப்பீர்கள். முருகை என்பது சிறு பிராணி. அது கட்டிவிட்டுப் போகும் சுண்ணாம்புக் கூடுதான் அந்தக் கல். கடலுக்குள் கிடக்கும்போது அதன் நுண்துளைகளில் பக்றீரியாக்கள், கடற்பஞ்சு, புழுக்கள், இளஞ்சிவப்புப் பாசி எல்லாம் குடியேறிவிடுகின்றன. உயிர் கல்லுக்கு இல்லை, குடியிருப்பவர்களுக்குத்தான்.

தொட்டியில் மீனின் கழிவு அமோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. கல்லிலுள்ள பக்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒட்சிசன் குறைந்த உட்துளைகளில் வாழும் வேறு பக்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆகவே இந்தக் கல் அழகுக்கு வைக்கும் பொருள் மட்டுமல்ல, தொட்டியின் துப்புரவுத் தொழிலாளியும் அதுதான். 100 லீற்றர் தொட்டிக்கு ஏறக்குறைய 12 கிலோ கல் வைப்பது பழைய கணக்கு.

ஆனால் கடலிலிருந்து எடுத்த கல்தான் வேண்டும் என்பதில்லை. காய்ந்த கல்லை, அதாவது உலர்கல்லை, நன்றாகக் கழுவி உப்புநீரில் வைத்து, பக்றீரியாவையும் அதற்கு உணவாகச் சிறிது அமோனியாவையும் சேர்த்தால் நான்கு முதல் ஆறு கிழமைகளில் அதே பக்றீரியாக்கள் பெருகிவிடும். நீரைச் சோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்று கண்ட பின்னரே மீன் விடவேண்டும். இளஞ்சிவப்புப் பாசி பிடிக்கப் பல மாதங்கள் செல்லும். உலர்கல்லில் சில வேளை பொசுபேற்று ஊறி வேண்டாத பாசி வரும், அது ஒரு கரைச்சல்தான். உயிர்க்கல்லில் வேறு கரைச்சல். வழியிலேயே பாதி உயிர்கள் செத்து அழுகும். மீனை அடித்துத் தின்னும் பிராணிகளும் ஒளிந்து வரும். பொறுமை உள்ளவர்களுக்கு உலர்கல்லே நல்லது என்பது என் எண்ணம். அமெரிக்காவின் புளோரிடாவில் 1997 முதல் காட்டுக் கடலில் உயிர்க்கல் எடுப்பது முற்றாகத் தடை. அங்கே தரையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைக் குத்தகைக் கடலில் இறக்கி, உயிர் பிடித்த பின் எடுத்து விற்கின்றார்கள்.

இனித் தங்கையின் கேள்விக்கு வருவோம். எமது நாட்டில் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லை எந்த வடிவத்திலும் தோண்டுவது, சேகரிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது யாவற்றையும் தடுக்கின்றது. உயிர்க்கல்லுக்கு மட்டுமல்ல, செத்த கல்லுக்கும் இதுதான் சட்டம். பிடிபட்டால் அகப்படுவது கல்லோடு நிற்கும் உங்கள் மகன். வியாபாரி அந்த நேரம் அங்கே நிற்கமாட்டார்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை? பெருங்கல்லாக வளரும் முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். மண்டபம் முகாமில் இருந்து திரும்பிய சகோதரிகளுக்கு மன்னார் வளைகுடா தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுப் பக்கமுள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. முன்னர் அங்கே அளவின்றி முருகைக்கல் வெட்டியது ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. 2004 மார்கழி 26 ஆழிப்பேரலையைப் பற்றி முல்லைத்தீவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்பகுதியில் முருகைக்கல் வெட்டப்பட்டிருந்த பெரேலியவில் கடல் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே வந்தது. சில கிலோமீற்றர் தள்ளி, பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் ஏறக்குறைய 50 மீற்றரோடு நின்றது என்று ஆய்வாளர்கள் 2005 இல் எழுதினார்கள். இந்தோனேசியாவின் ஆச்சேயில் பார் அப்படிக் காக்கவில்லை என்றும் வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். எப்படியாயினும் அந்தப் பாரில்தான் மீன்குஞ்சு ஒதுங்கி வளர்கின்றது. உங்கள் கருவாடும் அங்கிருந்துதான் வருகின்றது.

ஆகவே தங்கச்சி, மகனை மறியுங்கள். காசு தேவை என்பதை நான் அறியாமல் எழுதவில்லை. அந்த வியாபாரிக்கு உண்மையிலேயே தொட்டிக்குக் கல்தான் தேவையென்றால், செய்த கல்லை வாங்குவாரா என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாடுகளில் சீமெந்தோடு இடித்த சிப்பிக் கோதும் கட்டி உப்பும் கலந்து வார்க்கின்றார்கள். உப்புக் கரைந்துபோகத் துளை விழும். சமைத்து எறியும் மட்டிக் கோதே இதற்குப் போதும். வார்த்த கல்லை ஒன்றிரண்டு மாதம் நன்னீரில் ஊறவைத்து, அடிக்கடி நீர் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் சீமெந்தின் காரம் மீனைக் கொன்றுவிடும். பூச்சாடி வார்க்கப் பழகிய மகளிர் குழுவுக்கு இது கடினமான வேலையல்ல. ஆனால் வாங்குபவர் வாய்ச்சொல்லை நம்பிச் சீமெந்துக்குக் கடன் எடுக்கவேண்டாம். முதலில் நாலைந்து கல் செய்து காட்டி, முற்பணம் கேளுங்கள்.