கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம்?

சித்தூர் மாவட்டப் பேட்டமிட்டா கிராமத்துக்காரர் கல்லா ராமச்சந்திர நாயுடு. அமெரிக்காவில் பார்த்த பொறியாளர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1985இல் திருப்பதி அருகே கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் கட்டத்துக்குத் தேவைப்பட்டது துணிச்சல்.

அடுத்த கட்டம் வேறு. பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அளவு பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வேலையே இல்லாத பேட்டரியைத் தயாரித்தார். அதற்குக் கற்கும் பொறுமை வேண்டும். அமெரிக்க நிறுவனமான ஜான்சன் கன்ட்ரோல்ஸுடன் கூட்டுச் சேர்ந்தபோது, அதிகாரத்தைப் பகிரும் மனம் வேண்டியிருந்தது. 2000இல் அமரான் பேட்டரி வாகனச் சந்தைக்கு வந்தது. 2021இல் தலைவர் பொறுப்பு மகன் ஜெயதேவ் கல்லாவிடம் போனது.

பொறுப்பை அடுத்தவரிடம் கொடுக்கும் இந்தக் கடைசிக் கட்டம்தான் கடினம்.

அதே பகுதியில் உள்ள பாகாலா போன்ற சிறு ஊர்களில் தொழில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொள்முதல், கணக்கு, வசூல் எல்லாம் முதலாளி ஒருவர் கையிலேயே இருந்தால், அவர் படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடும். மாவட்டத் தொழில் மையங்களும் வங்கிகளும் கடன் கொடுப்பதோடு நிற்கக் கூடாது. பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கவும், கூட்டாளி ஒப்பந்தம் எழுதவும், அடுத்தவரைத் தயார்படுத்தவும் சிறு தொழில்முனைவோருக்குக் கட்டாயம் பயிற்சி தர வேண்டும்.