இலவசப் பாடங்களும் நம் கட்டுவிரியனும்

உத்திரமேரூர் போன்ற ஒரு தாலுகா ஊரில் இரவுப் பணி என்றால் பெரும்பாலும் ஒரே மருத்துவர், ஓரிரு செவிலியர்கள். சந்தேகம் வந்தால் கேட்க மூத்தவர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார். காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனைக்குப் போனாலும், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். உடனே அனுப்பிவிடுவதா, மருந்தைத் தொடங்கிவிட்டு அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்பதை அந்த ஒருவர்தான் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி இன்று கைப்பேசியிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அதில் நம் வயலும் நம் பாம்பும் நம் மருந்து அலமாரியும் இல்லை. இந்த இதழின் ஆசிரியர் உரை அதைப் பற்றித்தான்.

அவசர சிகிச்சை மருத்துவர்கள் தாங்கள் கற்றதை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைப்பது சில ஆண்டுகளாகவே நடந்துவந்தது. 2012இல் டப்ளினில் நடந்த பன்னாட்டு மாநாட்டுச் சமயத்தில், ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் மைக் கேடகன் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: இலவசத் திறந்த மருத்துவக் கல்வி. அவரும் நண்பர்களும் உருவாக்கிய இசிஜி நூலகத்தை இன்று நம் இளம் மருத்துவர்களில் பாதிப் பேராவது புரட்டியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவோடு சேர்ந்து வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பாடமும் முழுக்க இலவசம். ஸ்கேன் இல்லாத, வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் மூச்சுத் திணறலையும் அதிர்ச்சி நிலையையும் எப்படிக் கையாள்வது என்று அது படிப்படியாகச் சொல்கிறது. இந்த ஒன்றை மட்டும் நம் செவிலியர்களுக்கு முழுமையாகக் கற்றுக்கொடுத்தாலே பல உயிர்கள் தங்கும்.

இந்தியாவில் அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 2009இல்தான். அதற்கு முன்பு படித்து முடித்து இன்றும் தாலுகா மருத்துவமனைகளில் பணி செய்பவர்களுக்கு இந்தத் துறையை முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததில்லை. இணையத்தில் முகம் தெரியாமல் பாடம் சொன்னவர்கள்தான் அவர்களுக்கு ஆசிரியர்கள். அந்த நன்றியோடுதான் குறையையும் சொல்கிறோம்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்ட முதலுதவிப் பாடம், கடிபட்ட கை கால் முழுவதையும் எலாஸ்டிக் பேண்டேஜால் அழுத்திச் சுற்றச் சொல்லும். அந்த ஊருக்கு அது சரி. அங்குள்ள கொடிய பாம்புகளில் பெரும்பாலானவை கடித்த இடத்தை அவ்வளவாக அழிப்பதில்லை. நம் வரப்பில் கிடப்பதோ கண்ணாடி விரியன். அதன் விஷம் கடித்த இடத்துச் சதையையே தின்கிறது. அதை அழுத்திக் கட்டி ஓரிடத்தில் தேக்கிவைத்தால் கால் போகும். நம் நாட்டு நெறிமுறை சொல்வது வேறு: எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோலத் தட்டை வைத்து அசையாமல் பார்த்துக்கொள், இறுக்கிக் கட்டாதே, உடனே கொண்டு வா. அமெரிக்கப் பாடம் சொல்லும் விஷமுறிவு மருந்து அந்த நாட்டுப் பாம்புகளுக்கானது. நம்மிடம் இருப்பது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாராகும் ஏஎஸ்வி. அந்தப் பாடத்தின் அளவு இதற்குப் பொருந்தாது. அவசரத்தில் படிப்பவருக்கு இந்த வேறுபாட்டைக் கவனிக்க நேரம் இருக்காது என்பதே ஆபத்து.

அடுத்து, இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை. ஆய்வகம் பூட்டியிருக்கும் நள்ளிரவில் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைப் பிடித்துக்கொடுப்பது இதுதான். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம். ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் வழிந்தால் உறையவில்லை. இதில் தவறு நடக்கச் சின்னச் சின்ன வழிகளே போதும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயும் அப்படியே. நிமிடத்துக்கொரு முறை எடுத்து எடுத்துச் சாய்த்துப் பார்ப்பதும் சோதனையைக் கெடுக்கும். பணக்கார நாட்டுப் பாடங்களில் இதற்கெல்லாம் இடமில்லை, அங்கே ஆய்வகம் இரவிலும் திறந்திருக்கிறது. இங்கே இந்தக் குழாயைச் சாய்ப்பவர் பெரும்பாலும் செவிலியர். அவருக்காக இதைத் தமிழில் எழுதி, படம் போட்டு, சுவரில் ஒட்டியிருக்கிறோமா?

கட்டுவிரியன் இன்னும் கடினம். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தேடினால்தான் தெரியும். விடியற்காலையில் அவர் நம்மிடம் வருவது வயிற்றுவலி என்று. கூட வந்தவர்கள் நேற்றுச் சாப்பிட்ட சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். அல்சர் ஊசி போட்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் கதை முடிந்தது. சற்று நேரம் மேலே பார்க்கச் சொல்லுங்கள், இமை சரியும். படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லுங்கள், தூக்க முடியாது. குழாய்ச் சோதனையில் இரத்தம் ஒழுங்காக உறைந்திருக்கும், அதை வைத்து விஷமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல பாம்புக் கடியில் நியோஸ்டிக்மின் கொடுத்தால் கண் திறப்பதைப் பார்க்கலாம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைப்பதால் அந்தப் பலனை இங்கே நம்பியிருக்க முடியாது. அப்போது உயிரைக் காப்பது மூச்சுதான். கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கும் சுருங்காமல், கூப்பிட்டால் அசைவில்லாமல் கிடப்பார். மூளை போய்விட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். உள்ளே நினைவோடு நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். முகமூடியும் பையும் வைத்து, வண்டியில் போகும் வழியெல்லாம் அழுத்திக்கொண்டே போனால் எழுந்து நடக்கக்கூடியவர் அவர். 108 வண்டியில் இருக்கும் தொழில்நுட்பருக்கு இதைவிட முக்கியமான ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி எண்ணிக்கை கிடைக்கும். எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது, ஒவ்வொரு நோயாளியும் கற்றுக்கொடுத்ததும் பதிவாக வேண்டும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. 2019இல் மாவட்டம் பிரியும் வரை அந்த ஊரும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாடெங்கும் ஏஎஸ்வி தயாரிக்க விஷம் அங்கிருந்து போகிறது. விஷத்தை நாட்டுக்கே அனுப்பும் மண்ணிலிருந்து அதன் சிகிச்சை அறிவு ஏன் வெளியே போகவில்லை?

போகும், எழுதினால் போகும். இலங்கையைப் பாருங்கள். களனிப் பல்கலைக்கழகத்து அசித்த டி சில்வாவும் அவரது குழுவினரும் 1007 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஏஎஸ்வி ஏற்றும் முன் 0.25 மில்லி அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்று கண்டார்கள். நாம் வழக்கமாகப் போடும் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு அந்தப் பலன் இல்லை, அட்ரினலினோடு அதையும் சேர்த்தபோது கிடைத்த பலனும் மங்கிப்போயிற்று. 2011இல் யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இதழில் வெளியிட்டார்கள். அங்கே பயன்பட்டது இந்தியாவில் தயாரான மருந்து. நம் மருந்தைப் பற்றி நமக்குத் தெரியாததை அவர்கள் சொல்லித் தந்தார்கள். இலவசக் கல்வி என்றால் நான் நினைப்பது இதைத்தான்.

தமிழ்நாட்டிலும் முன்மாதிரி உண்டு. மாரடைப்புக்காகச் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நடத்திய ஸ்டெமி திட்டத்தின் முடிவுகள், 2,420 நோயாளிகளின் விவரங்களோடு, 2017இல் அமெரிக்க இதய மருத்துவ இதழில் வந்தன. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. ஓடுவன் தழை விஷத்தைப் பற்றி உலகுக்குச் சொன்னவர்களும் வேலூர், புதுச்சேரி மருத்துவர்களே. வந்த அன்று நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு அடுத்த நாட்களில் பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும் அந்த விஷத்துக்கு வெளிநாட்டுப் பாடங்களில் பெயர்கூடக் கிடையாது. ஆனால் இவையெல்லாம் ஆங்கிலத்தில், பெரிய மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. முதல் ஒரு மணி நேரம் யார் கையில் கழிகிறதோ அவர்கள் எழுதியது மிகக் குறைவு.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்னும் கேட்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார், அறுவை மருத்துவ நூலையும் தமிழாக்கினார். கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. இன்று வேண்டியது உழைப்பு மட்டுமே. திறந்த உரிமத்தோடு வரும் பாடங்களை, மூலத்தைச் சொல்லி, உரிமத்தின் நிபந்தனைக்கு உட்பட்டுத் தமிழாக்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அரசிடமும் மருத்துவக் குழுமங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் ஒரே மருத்துவர் உள்ள இடத்தில் அவர் சென்னைக் கருத்தரங்குக்குக் கிளம்பினால் அன்று வரும் நோயாளியை யார் பார்ப்பது? தேர்வு வைத்துச் சான்று தரும் இணையப் பாடங்களுக்கும், நல்ல பாடத்தைத் தமிழாக்குபவரின் உழைப்புக்கும் இந்த மணிக்கணக்கில் தாராளமாக இடம் தர வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குகிறோம். தாலுகா மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி என எங்கே பணி செய்பவராக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நோயாளியின் பெயரோ ஊரோ படமோ கூடாது. என்ன மருந்து கையில் இருந்தது, எது இல்லை, மேல்சிகிச்சைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமானது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். காப்பாற்ற முடியாமல் போனவர்களைப் பற்றியும் எழுதுங்கள். வருவதைத் துறை வல்லுநர் இருவர் சரிபார்ப்பார்கள், சரிபார்த்த தேதி பக்கத்தின் தலையிலேயே இருக்கும். யாரும் அனுமதி கேட்காமல் படியெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். முதல் பக்கம் கட்டுவிரியனுக்கு. அச்சுக்குப் போகும் முன் அதைச் செவிலியர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர்கள் புரியவில்லை என்று சுட்டும் ஒவ்வொரு வரியையும் மாற்றி எழுதுவோம்.