மருத்துவர் குறித்துத் தந்த நாள்



குழந்தைப் பாக்கியத்திற்காக மும்பையில் சிகிச்சை பெற்றுவந்த ஒரு தம்பதியர் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஜெபத்திற்காகக் காத்திருந்தனர். ஜெபித்து முடித்துச் சகோதரி வெளியே சென்றதும், சகோதரன் மட்டும் திரும்பி வந்து, தரையைப் பார்த்தவராய், "பாஸ்டர், டாக்டர் குறித்துத் தருகிற அந்த நாளில் என்னால் முடிவதில்லை" என்றார். அவர்களுக்காக நான் 3 ஆண்டுகள் ஜெபித்திருக்கிறேன். அத்தனை நாளும் சகோதரியின் கர்ப்பத்திற்காகவே ஜெபித்தேன். இவருடைய தலையில் ஒருமுறையும் கை வைத்ததில்லை.

சபையில் இதைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதுகையில் கூச்சப்படவில்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தங்களை மறுக்கலாகாது என்று 7-ஆம் அதிகாரத்தில் போதிக்கிறார். அந்தப் போதனையில் பிள்ளைப்பேற்றை அவர் ஒரு காரணமாகக்கூடக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சிகிச்சையில் நடப்பது என்ன? ஸ்கேனில் கருமுட்டையின் வளர்ச்சியைப் பார்த்து, ஊசி போட்டு, இன்ன இரவில் சேருங்கள் என்கிறார்கள். கணவரோ கல்யாண் செல்லும் ரயிலில் நின்றுகொண்டே வந்து இறங்குகிறார். வீடு ஒரே அறை. ஊரிலிருந்து வந்த தாயார் அங்கேதான் படுத்திருக்கிறார். அன்று இயலாமற்போனால் அடுத்த மாதம் அந்தப் பயமே தடையாக நிற்கிறது. மனைவிக்கோ மாதந்தோறும் ஊசியும் பரிசோதனையும். படுக்கையும் ஆஸ்பத்திரி மேசைபோலாகி, ஆசை அற்றுப்போகிறது, சிலருக்கு வலியும் உண்டாகிறது. சிகிச்சைக் காலத்தில் இவை அபூர்வமல்ல; பாவமுமல்ல, சாபமுமல்ல. இன்னும் சிலருக்கு உறவே முழுமையாக நடந்திருக்காது. சகோதரியின் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். அதை மறைத்துக்கொண்டு ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுப்பார்கள். ஆலோசனையாலும் பயிற்சியாலும் பெரும்பாலும் சரியாகக்கூடிய குறை அது.

விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடிருக்கும். கருமுட்டைக்கோ ஏறக்குறைய ஒரு நாள்தான். ஆகையால் இயற்கையாக முயல்வோர் 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை கூடி வாழ்ந்தாலே போதுமானது. ஒரே இரவின்மேல் எல்லாப் பாரத்தையும் சுமத்த வேண்டியதில்லை. (உபவாசத்திற்கென்று 21 நாள் பிரிந்திருந்துவிட்டு, இந்த மாதமும் கனியில்லையே என்று அழுதவர்களையும் கண்டிருக்கிறேன். நல்ல உபவாசம்தான், நாட்கள்தான் தவறு.) விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையில், அன்று மாதிரி கொடுக்க இயலாதோ என்று அஞ்சுகிறவர்கள் முன்னமே சொன்னால், முன்கூட்டி எடுத்து உறையவைக்கலாம், சில இடங்களில் வீட்டில் எடுத்து ஒரு மணி நேரத்திற்குள் கொண்டுவர அனுமதிப்பார்கள். மனச்சாட்சி உறுத்துகிறவர்கள், தம்பதியராய்க் கூடும்போதே விந்தணுவைக் கெடுக்காத தனி உறையில் சேகரிக்கலாமா என்று கேளுங்கள். கடையில் விற்கும் சாதாரண ஆணுறை இதற்கு ஆகாது.

ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் ஆண்மை மருத்துவ விளம்பரங்களின் பின்னே போகாதிருங்கள் என்று கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன். பெலனுக்கென்று உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். இதை அறியாத வாலிபர் அநேகர்.

செயற்கைக் கருத்தரிப்புக்கென 2021-இல் இயற்றப்பட்ட சட்டம், சிகிச்சை நிலையங்கள் தம்பதியருக்கு ஆலோசனை வழங்க வேண்டுமென்கிறது. கேட்டுப் பெறுங்கள், இதையும் அங்கே சொல்லுங்கள். சபையாரும் ஆலய வாசலில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பதை விட்டுவிடுவார்களாக. நானும் கேட்டவன்தான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அன்னாளுக்குப் பிள்ளையில்லாத ஆண்டுகளிலேயே எல்க்கானா அவளுக்கு இருமடங்கு பங்கைக் கொடுத்துவந்தான். சாமுவேல் பிறந்தபின் கொடுத்ததல்ல அது.

அந்தச் சகோதரன் தன் மனைவியிடம் அன்றிரவே பேசினார். கேட்டுக்கொண்டதினால், மருத்துவரிடம் நானும் உடன் சென்றேன். அவர் முதலில் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். அதிகமாயிருந்தது. அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்றார். மருத்துவரும் கேட்காமல், இவரும் சொல்லாமல், போதகனாகிய நானும் விசாரியாமல் 3 ஆண்டுகள் போயிருந்தன.