நல்ல முதலாளியின் ஊர்

இடதுசாரி நண்பர்கள் யாராவது ஸ்காட்லாந்து போனால் நியூ லனார்க்கிலிருந்து ஒரு போட்டோ கட்டாயம் வந்துவிடும். கிளைட் ஆற்றங்கரை, பள்ளத்தாக்கில் வரிசையாக மணற்கல் கட்டடங்கள், கீழே ஒரு வரி: 'அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு முதலாளி!' எங்கெல்ஸ் வழியாக, 'கற்பனாவாத சோசலிஸ்ட்' என்றுதான் எனக்கும் ராபர்ட் ஓவன் அறிமுகம். அவர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

முதலில் ஓவனுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடலாம். டேவிட் டேல் 1785இல் ஆற்று நீரின் வேகத்தை நம்பி உருவாக்கிய பஞ்சாலைக் கிராமம் அது. ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து கூட்டிவந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் அங்கே வேலை பார்த்தார்கள். 1800இல் நிர்வாகம் டேலின் மருமகனான ஓவன் கைக்கு வந்தது. பத்து வயதுக்குக் கீழே யாருக்கும் ஆலையில் வேலை கிடையாது என்றார். வேலை நேரத்தைக் குறைத்தார். 1816இல் அவர் திறந்த கல்விக்கூடத்தில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் இடம் இருந்தது. அங்கே அடி இல்லை, பாட்டும் நடனமும் இருந்தன. அமெரிக்கப் பருத்தி வராமல் ஆலை நான்கு மாதம் நின்றபோது முழுச் சம்பளம் கொடுத்தார். எதுவும் பொய்யில்லை. அன்றைய மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

சரி, இப்போ அந்த மரக்கட்டைக்கு வருவோம்.

ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் நான்கு முகம் கொண்ட சின்ன மரக்கட்டை ஒன்று தொங்கும். 'மௌனக் கண்காணி' என்று பெயர். கறுப்பு என்றால் மோசம், நீலம் என்றால் சுமார், மஞ்சள் என்றால் நன்று, வெள்ளை என்றால் மிக நன்று. முந்தின நாள் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று மேற்பார்வையாளர் முடிவுசெய்து அந்த நிறத்தை முன்பக்கம் திருப்பி வைப்பார். பதிவேட்டிலும் ஏற்றுவார். ஓவன் ஒன்றும் பேசாமல் நடந்துபோவார். ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

"அடிக்கலையே, திட்டலையே?" என்பார்கள். ஆமாம், அடிக்கவில்லை. நிறம் தப்பு என்று பட்டால் முறையிடக்கூட வழி இருந்தது. யாரிடம்? ஓவனிடம்தான். ஓவனுக்கு ஒரு கட்டை தொங்கியதா? அதைத் திருப்பும் உரிமை எந்த நூற்பாளிப் பெண்ணுக்காவது இருந்ததா? மழையில் நனைந்து சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு போனில் நட்சத்திரம் போடுகிற நமக்கு இந்த ஏற்பாடு புரியாமல் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், 'நல்ல முதலாளி' என்ற பட்டத்தை ஏற்காதவர் ஓவனே. அந்த மக்கள் தன் தயவில் வாழும் அடிமைகள் என்று அவரே எழுதினார். கணக்கும் போட்டார்: 2,500 பேர் உள்ள இந்த ஊர் உண்டாக்கும் செல்வத்தை அரை நூற்றாண்டுக்கு முன் உண்டாக்க 6 லட்சம் பேர் தேவைப்பட்டிருப்பார்கள். அப்படியானால் 6 லட்சம் பேர் சாப்பிட்டிருக்கக்கூடியதற்கும் 2,500 பேர் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் எங்கே போனது? முதல் போட்டவர்களுக்கு 5 சதவீத வட்டி, அதற்கு மேல் 3 லட்சம் பவுனைத் தாண்டிய லாபம். எங்கெல்ஸ் இதை மெனக்கெட்டு எடுத்துக்காட்டுகிறார். வாசகர் வட்டத்தில் அடிக்கோடு போட்டுப் படித்த அதே ஆட்கள்தான் ஊரைப் பார்த்ததும் முதலாளியின் கருணையில் உருகுகிறார்கள்!

இன்னொன்று. அந்த அமெரிக்கப் பருத்தியைப் பறித்தவர்கள் யார்? தென்மாநிலத் தோட்டங்களில், உவமைக்காக அல்லாமல் நிஜமாகவே விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். நான்கு மாதச் சம்பளக் கதையைச் சொல்லும்போது, ஒரு நாள் சம்பளம்கூடப் பார்க்காத அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஆலை 1968இல் மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆலைக் கட்டடம் ஒன்றில் இப்போது ஹோட்டல் நடக்கிறது, பழைய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இடியாமல் காப்பாற்றினார்களே என்று எனக்கும் சந்தோஷம்தான். கட்டடத்தைக் காப்பாற்றுங்கள். அதோடு சேர்த்து முதலாளியின் பெருமையையும் காப்பாற்றும் வேலை நமக்கெதற்கு?

போகிறவர்கள் போய்வாருங்கள், போட்டோவும் போடுங்கள். கீழே எழுதும் வரியில் மட்டும் அந்த நூற்பாளிகளுக்கும் பருத்தி பறித்தவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.