நகரமா, கிராமமா: தெரிவு யாருக்கு?

நகரவாழ்வு சிறந்ததா, கிராமவாழ்வு சிறந்ததா என்பது எமது பட்டிமன்றங்களின் பழந்தலைப்பு. நடுவர் ஈற்றில் இரண்டும் சிறந்தவையே எனத் தீர்ப்பளித்துவிட்டு மாலைப் புகையிரதத்தில் நகருக்குத் திரும்பிவிடுவார். இற்றைநாளில் அத்தலைப்புக்குப் புதிய தீர்ப்பொன்று கூறப்படுகின்றது. இணையம் வந்துவிட்டது, அதனால் தூரம் அழிந்துவிட்டது, இனிப் பட்டதாரி கொழும்பின் வாடகை அறையில் உழலவேண்டியதில்லை, பிறந்த ஊரின் வேப்பமர நிழலிலே மடிக்கணினியுடன் அமர்ந்து உலகத்துக்கே உழைக்கலாம் என்பது அத்தீர்ப்பு. கருத்தரங்கு மேடைகளிலே இது அடிக்கடி ஒலிக்கின்றது. கேட்பதற்கு இனிமையானது. ஆயினும் இதனை ஏற்றுக்கொள்வது, கிராமத்துக்குச் செய்யவேண்டியவற்றைச் செய்யாது விட்டவர்களுக்கு நாமே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகும் என்பது எனது வாதம்.

கிராமத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று கூறவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம்வரை நீண்டது. எரிவாயுச் சிலிண்டருக்காக நகரமக்கள் தெருவோரங்களில் வரிசை கட்டி நின்றனர். விறகடுப்பும் கிணறும் முற்றத்து முருங்கையும் உடையவர்கள் அந்நாள்களை ஓரளவு தாங்கிக்கொண்டனர். இதனை மறுப்பதற்கில்லை. எனினும் அங்கு கைகொடுத்தது நிலமும் நீருமேயன்றி இணையமன்று. நிலமில்லாத கூலிவிவசாயிக்கு அவ்வாறுதலும் கிட்டவில்லை.

தூரம் அழிந்துவிட்டது என்ற கூற்றைச் சோதித்துப் பார்க்க வரலாறே நமக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டுக் கல்வி முழுவதும் இணையத்துக்கு மாறியது. இத்தீர்ப்பு உண்மையாயின், அன்றே கிராமத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் சமமாகியிருக்க வேண்டும். நிகழ்ந்தது யாது? பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் கிராமத்திலே மாணவரும் ஆசிரியரும் காட்டினூடாக நடந்து, பாறை உச்சியை அடைந்து, அங்கு கிடைத்த சமிக்ஞையைக் கொண்டு பாடம் நடத்தியமை 2021இல் உலகச் செய்தியாயிற்று. வேறிடங்களில் பிள்ளைகள் மரமேறினர். இதனை ‘விடாமுயற்சி’ எனப் புகழ்ந்தோர் பலர். பாடங் கேட்பதற்காகப் பிள்ளை மரத்தின்மீது ஏறவேண்டியிருந்தமை புகழுக்குரிய விடயமா, வெட்கத்துக்குரிய விடயமா?

சமிக்ஞை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். கலைப்பீடத்தவராகிய நம்முட் பெரும்பாலார் தமிழ்மொழி மூலம் கற்றுப் பட்டம் பெறுவோர். இணையவழியில் வெளிநாட்டிலிருந்து வரும் தொழிலோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. இணையக் கம்பி ஊர்வரை வந்துவிட்டது. அதன்வழி வரும் வேலை நமது மொழியிலே வரவில்லை. அந்த ஆங்கிலத்தையும் கணினி அறிவையும் பெறுவதற்கு மீண்டும் பட்டினத்துத் தனியார் கல்விநிலையத்துக்கே பேருந்தேறவேண்டும். பிற்பகல் தவறினாற் பேருந்தில்லாத ஊர்கள் எத்தனை! பிரசவ வலி கண்ட பெண்ணை எந்த இணையமும் வைத்தியசாலைக்குச் சுமந்து செல்வதில்லை.

கிராமத்தைப் பாடுவோர் மறக்கும் இன்னொன்றும் உண்டு. 1948 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபையிலே பேசிய அம்பேத்கார், கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் உறைவிடமாகக் கண்டு, வரைவு அரசியலமைப்பு கிராமத்தை விடுத்துத் தனிமனிதனை அலகாகக் கொண்டமையை வரவேற்றார். அவர் கூறியது எமக்குப் புறம்பான கதையன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப்பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்ததும் நமது ‘அமைதியான’ கிராமத்திலேதான். இன்னாருடைய மகன் என்று எவரும் வினவாத தெருவொன்றில் நடக்கும் சுதந்திரத்தைப் பலருக்கு முதன்முதலில் வழங்கியது நகரமே. பெண்களுக்கும் இது பொருந்தும். ஊரின் கண் இணையத்தால் மூடிக்கொண்டதா? முகநூல் வழியாக அது விடுதி அறைவரை நீண்டிருக்கிறது என்பதை நம் தோழியரைக் கேட்டாற் சொல்வர்.

இனி, நகரம், கிராமம் என்ற இப்பாகுபாட்டையே நோக்குவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கை மக்களை மூன்றாக வகுத்தது: நகரம் 18.2 சதவீதம், கிராமம் 77.4 சதவீதம், தோட்டம் 4.4 சதவீதம். மாநகரசபை, நகரசபை எல்லைகளுக்குள் அடங்கியவை மாத்திரமே நகரம். ஆதலாற் சுன்னாகமும் கிளிநொச்சியும் அரச கணக்கிற் கிராமங்களே! இது வேடிக்கை. வேடிக்கையல்லாதது மூன்றாவது பிரிவு. ‘நகரமா, கிராமமா’ என்று வினவும்போது, இரண்டிலும் அடங்காதோராகக் கணிக்கப்பட்ட மக்களை நாம் வினவுவதேயில்லை.

1867இல் தேயிலைப் பயிர்ச்செய்கை ஆரம்பித்தது முதல் அம்மலைகளில் உழைத்துவரும் தலைமுறைகளின் லயன் வீடுகள் பலவற்றுக்கு இன்றும் தனித்தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டக் கந்தோரின் வழியாகவே கைக்குச் சேர்கின்றது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை நாள் கழிந்தபின் வந்துசேர்ந்த கதைகளை மலையகத்து மாணவர் எவரிடமும் கேட்கலாம். அதே லயத்திலே கைத்தொலைபேசி உண்டு, இணையமும் உண்டு. அத்தொலைபேசியில் ஒரு புத்தகம் வாங்க முயன்றாலும் வங்கிக் கணக்குத் திறக்க முயன்றாலும் கேட்கப்படுவது வீட்டிலக்கமும் வீதியின் பெயரும். குடியிருக்கும் நிலம் அவர்களுடையதன்று, வாசலுக்கு இலக்கமில்லை. அவர்களிடம் சென்று, இணைய யுகத்தில் எங்கு வாழ்வது என்பது உங்கள் தெரிவு என்று எந்த முகத்துடன் கூறுவது?

ஆகவே அடுத்தமுறை நம் மண்டபத்துக்கு வந்து ‘ஊருக்குத் திரும்புங்கள்’ என்று உபதேசிக்கும் அதிதியிடம் நாம் கைதட்டலுக்கு முன்னர் சில வினாக்களைத் தொடுப்போம். அந்த ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? வைத்தியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? லயத்து வீட்டுக்கு இலக்கம் எப்போது வழங்கப்படும், அது நிற்கும் நிலத்துக்கு உறுதி எப்போது எழுதப்படும்? தமது சொந்தப் பிள்ளைகளை அவர் எங்கே குடியமர்த்தியிருக்கிறார் என்பதையும் பணிவுடன் கேட்கலாம்.