ஞாயிற்றுக்கிழமையை விற்றுவிடாதீர்கள்!



"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். நம் லயத்தில் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. நாய் திண்ணை நிழலில் நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறது. நமக்குத்தான் நிற்க நேரமில்லை. திங்கள் முதல் சனி வரை பெரட்டு, பால் வெட்டு, செம்பனைக் குலை, உரம், களை என்று ஓடுகிறோம். ஏழாவது நாள் வருகிறது. அதையும் விற்றுவிடுகிறோம். சிலர் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள், சிலர் போத்தலுக்கு விற்கிறார்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசிக்கு விற்கிறார்கள்.

அந்த ஒரு நாளை விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. மாத்திரை, ஊசி பற்றி எழுத வேண்டிய பகுதியில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

ஒரு செருப்பு சொன்ன சேதி

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். தோட்ட ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருந்து கொடுத்து, கட்டுப்போட்டு, ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய். வெட்டுக்காட்டில் குட்டியாகக் கிடந்ததைப் பேரன் தூக்கிக்கொண்டு வந்தான். "இதை யார் பாக்கிறது?" என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன். இப்போது அது என் பின்னாலேயே சுற்றுகிறது.

ஒரு ஞாயிறு சாயங்காலம். மகனும் மருமகளும் பிள்ளைகளோடு பட்டணத்திலிருந்து வந்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. டெலிவிஷன் ஓடவில்லை, மின்சாரம் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எல்லாரும் பழைய ஸ்டோர் வரை நடந்தோம். பேரன் நாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். நானும் என் மனைவியும் பின்னால். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் வேலை இல்லாமல் சேர்ந்து நடந்தது எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திரும்பி வரும்போது நாய் பேரன் கையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடியது. வாயில் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. பார்த்தால் என் மனைவியின் செருப்பு! எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். "எப்ப கழண்டுச்சுன்னே தெரியலீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காலில் இருக்கும் செருப்பு கழன்றது தெரியாமல் சரளைக் கல்லில் ஒருவர் எப்படி நடக்க முடியும்? "கால் மரத்துப் போகுதா?" என்று கேட்டேன். "அது ரொம்ப நாளா அப்படித்தான். வேலை செஞ்ச காலுதானே" என்றாள்.

மறுநாள் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தத்தைச் சோதித்தார்கள். இனிப்புநீர். அதுவும் புதிதாக வந்ததல்ல, பல வருடமாக உள்ளே இருந்து கால் நரம்பைத் தின்றுகொண்டிருந்த இனிப்புநீர். ஊர்க்காரர்களுக்கெல்லாம் முப்பது வருடம் மருந்து கொடுத்த எனக்கு, என் வீட்டிலேயே இருந்த வியாதி தெரியவில்லை. நாய் எடுத்துக் காட்டியது. நல்ல வேளையாகக் காலில் புண் இல்லை. இன்னும் ஒரு வருடம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அன்றைய நடையில் இன்னொன்றும் தெரிந்தது. பள்ளியில் ஒருவன் தன் சாப்பாட்டுக் காசைப் பிடுங்கிக்கொள்கிறான் என்பதைப் பேரன் அவன் அப்பாவிடம் சொன்னான். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான். நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது தானாகவே சொல்லிவிட்டான்.

"நாங்கதான் தினமும் நடக்கிறோமே!"

தோழர்கள் இப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். "ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுறோம், எத்தனை குலை சுமக்கிறோம். இதுக்கு மேல நாயைப் பிடிச்சுக்கிட்டு வேற நடக்கணுமா?" நியாயமான கேள்வி.

பதில் இதுதான். காட்டில் நடப்பது வேலை. முதுகில் பாரம், மனத்தில் கணக்கு, கண்ணில் தண்டல். அந்த நடையில் உடம்பு தேய்கிறது, மனது ஓய்வதில்லை. சாயங்காலம் கையை வீசிக்கொண்டு, பேசிக்கொண்டு நடப்பது வேறு. அது உடம்புக்கும் மனதுக்கும் சேர்த்து ஓய்வு. முதுகு வலிக்கிறதா? அன்றைக்குப் படுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. நாயைப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போகட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இன்றைக்கு நம் குடும்பங்களில் எத்தனை பேர் காட்டு வேலை செய்கிறார்கள்? தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் காவல் வேலையில் 12 மணி நேரம் நாற்காலியில். ஒருவர் தொழிற்சாலையில் ஒரே இடத்தில். பாட்டி வீட்டுக்குள்ளேயே. உழைப்பு குறைந்தது. ஆனால் உழைத்த காலத்துச் சோறும் இனிப்புக் கோப்பியும் குறையவில்லை. 2023-ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. நம் இந்திய மக்களிடம் இந்த வியாதி மற்றவர்களைவிட அதிகம்.

வயது வந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் சற்று வேகமாக நடக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளைக்கு அரை மணி என்று 5 நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடந்தாலே இரத்தத்தில் சீனி ஏறுவது மட்டுப்படும். இதற்குக் காசு கொடுத்து உடற்பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. வாசலில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றால் போதும். நமக்குச் சோம்பலாக இருக்கும் நாளிலும் அதற்குச் சோம்பல் வராது.

ஓய்வு நாள் யாரும் போட்ட பிச்சை அல்ல

வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்பது முதலாளியின் தயவு அல்ல, உரிமை. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கெடா, கிளந்தான் பக்கம் பலருக்கு வெள்ளிக்கிழமை. விபத்து, அவசரப் பழுது போன்று சட்டமே சொல்லும் சில காரணங்கள் தவிர, ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நாட்சம்பளக்காரர் அன்றைக்கு அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் கூலி கொடுக்க வேண்டும். வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரமும் 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகக் குறைந்தது.

கடன் இருக்கிறது, பிள்ளை படிப்பு இருக்கிறது, அந்த இரண்டு நாள் கூலி தேவைப்படுகிறது. இதை நான் மறுக்கவில்லை. வயிறு காய்கிறவனிடம் "ஓய்வெடு" என்று உபதேசம் செய்வது சுலபம். ஆனால் மாதத்தில் நான்கு ஞாயிறையும் விற்காதீர்கள். இரண்டையாவது வீட்டுக்கு வையுங்கள். ஞாயிற்றில் வாங்கிய கூலியைப் பின்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போத்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடித்துவிட்டுக் கிடப்பது ஓய்வல்ல என்பது குடிப்பவருக்கே தெரியும்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு? ஆறு நாள் சேர்ந்த துணி, கோழிக் குழம்பு, வீடு கழுவுதல், பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுதல் என்று அன்றைக்குத்தான் இரட்டை வேலை. நீங்கள் வெங்காயம் உரித்துக் கொடுத்தால், துணி காயப்போட்டால் ஆண்மை குறைந்துவிடாது. சாயங்காலம் அவரும் கூட நடக்க முடியும். என் மனைவி நடக்க வந்ததால்தான் செருப்பு கழன்றது தெரிந்தது. அடுப்படியிலேயே நின்றிருந்தால் தெரிந்திருக்காது.

நாயோடு போகிறவர்கள் கவனத்துக்கு

நாயை வளர்ப்பவர் சில கடமைகளைச் செய்தே ஆக வேண்டும்.

வெயிலில் கொண்டு போகாதீர்கள். நம்மைப் போல அதற்கு உடம்பு முழுதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. காலையில் வெயில் ஏறும் முன், மாலையில் வெயில் தாழ்ந்த பின் போங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

கயிறு இல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் விஷக் கட்டி கிடக்கும். அதைத் தின்றாலும், அதைத் தின்று செத்த எலியைத் தின்றாலும் நாய்க்கு உள்ளே இரத்தம் கசிந்து உயிர் போகும். மருந்து அடித்த காட்டுக்குள் போனால் காலில் ஒட்டியதை நக்கிவிடும். புதரில் நாகப் பாம்பும் உண்டு. கயிறு இருந்தால் இந்த மூன்றிலிருந்தும் காப்பாற்றலாம்.

நம் லயத்திலும் தாமானிலும் முஸ்லிம் அண்டை வீட்டார் இருக்கிறார்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நாயின் எச்சில் படுவது அவர்கள் சமயத்தில் சங்கடமான காரியம். எதிரே வந்தால் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். ஒரு புன்சிரிப்போடு வழி விட்டால் சண்டை எங்கிருந்து வரும்? நாய் அசுத்தம் செய்தால் எடுத்துப் புதைத்துவிடுங்கள். அதிலிருந்து கொக்கிப்புழு மண்ணில் பரவி, செருப்பில்லாமல் விளையாடும் பிள்ளைகளின் தோலில் ஏறும். நாய்க்குப் பூச்சி மருந்து கொடுங்கள். உள்ளூர் மன்றத்தில் லைசன்ஸ் எடுங்கள்.

முக்கியமானது வெறிநோய். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் இந்த நோய் காணப்பட்டது. 2017 முதல் சரவாக்கில் பரவி மனித உயிர்களையும் பலி கொண்டது. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பில்லை. ஆகவே நாய் கடித்தால், அது வீட்டு நாயாக இருந்தாலும் சரி, உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு நேரே கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் பூசாதீர்கள். "சின்னக் கீறல்தானே" என்று விடாதீர்கள்.

வரும் ஞாயிறு

தோழர்களே, வரும் ஓய்வு நாளில் ஒரு காரியம் செய்து பாருங்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறுங்கள். கைத்தொலைபேசியை அலமாரியில் வையுங்கள். சாயங்காலம் குடும்பத்தோடு ஒரு அரை மணி நடங்கள். நாய் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு நாய் பின்னாலேயே வரும். வீட்டுக்கு வந்ததும் ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள். கீறல், கொப்புளம், மரத்துப்போன இடம் இருக்கிறதா? நாற்பது வயது தாண்டியவர்கள் அடுத்த வாரமே கிளினிக்குக்குப் போய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி இப்போது மருந்து சாப்பிடுகிறாள். கோப்பியில் சீனி இல்லை. காலை மூடுகிற சப்பாத்து போட்டுக்கொண்டு நாளும் ஸ்டோர் வரை நடக்கிறாள். ஐந்தரை மணி ஆனதும் மணி வாசலில் வந்து நின்று அவளைப் பார்த்துக் குரைக்கிறது. "வந்துட்டேண்டா, கத்தாதே" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்து நாடாவைக் கட்டுகிறாள். அந்தச் சத்தம் ஒவ்வொரு லயத்திலும் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.